தராசு கேக்காத கேள்வி

ஏங்கண்ணு, மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்கறே? பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவங்க கூலி உயர்வு கேட்டு நிறுத்தினா உனக்கு என்ன வெசனம்? ஓ, வரிப்பணமா! வேலைக்குப் போகாதவன் ஊட்டுக்கு ரேசன் அரிசி போவுது, அவன் பொண்டாட்டி கணக்குல 1,000 ரூவா ஏறுது, நாம கட்டற வரியில அவன் காலாட்டிட்டு உக்காந்திருக்கறான். செல்லுல கணக்கே போட்டுட்டயாக்கும். படிச்ச புள்ளை!

சரி, அந்தக் காலாட்டற சொகத்தைக் கிட்டக்கப் போய்ப் பாப்பமா? பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் 25. அரிசி 2011 ஜூன்லருந்து காசில்லாம 20 கிலோ. ரேகை வெச்சாத்தான் எடை போடுவாங்க. அந்த மிசினு, “நேத்துத் தறி ஓட்டினயா?”ன்னு கேக்குதா? தறி ஓடுனாலும் 20 கிலோ, நின்னாலும் 20 கிலோ. இதுல ஸ்ட்ரைக்குனால ஏறுன செலவு எங்கடா சாமி? புள்ளைங்க பள்ளிக்கொடத்துல நம்ம நாமக்கல் முட்டையத் திங்குதுங்க. அப்பன் கொடி புடிச்சான்னு கோழி ரெண்டு முட்டையாவா போட்டுச்சு?

ஸ்ட்ரைக்குல இருக்கறவன்னு சர்க்கார் எங்கயும் அள்ளிக் குடுத்தறல. 2025 வரைக்கும் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தோட 63ஆம் பிரிவை யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொல்லு. ஸ்ட்ரைக்குல இருக்கற நாள்ல காய்ச்சல்ல படுத்தாக்கூட அந்த நாளுக்குப் பணம் கெடையாதுன்னுதான் அதுல இருந்துச்சு. தறிப்பட்டறையில அந்தக் கார்டைக் கண்ணுல பாத்தவன் எத்தனை பேருங்கறது வேற கதை.

சீமையில உன்னாட்டமே ரோசனை பண்ணினாங்க. 1980ல சட்டம் போட்டு, சங்கம் வாரம் 12 பவுன் குடுத்ததாவே வெச்சுக்கிட்டு, குடும்பத்துக்குப் போற உதவியில அதைக் கழிச்சாங்க. சங்கம் குடுத்துச்சா, குடுக்கலயான்னு கேள்வியே இல்ல. அதுக்காவ எவனும் பயந்தானா? 1984ல நிலக்கரிச் சுரங்கத்துக்காரங்க எறங்கி, கிட்டத்தட்ட ஒரு வருசம் அசையல. பொம்பளைங்க ஊருக்கு ஊரு கஞ்சித்தொட்டி வெச்சு ஆக்கிப் போட்டாங்க.

நம்மூரு மட்டும் என்னவாம்? 2003 ஜூலையில அரசு ஊழியருங்க நிறுத்துனாங்க. ஜெயலலிதா அம்மா சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சுல ஊட்டுக்கு அனுப்பிச்சாங்க. ஸ்ட்ரைக்குப் பண்றது அடிப்படை உரிமையே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிப்போட்டுது. அப்புறம்? முக்காவாசிப் பேரு திரும்ப அதே நாற்காலியில வந்து உக்காந்தாங்க.

சங்கத்துக்காரரு மட்டும் லேசுப்பட்டவரா? முன்னால உண்ணாவிரதப் பந்தல், பதினோரு மணிக்குப் பந்தலுக்குப் பின்னால போண்டா. அதுக்கெல்லாம் நான் சாட்சி. ஆனா வரிக்கணக்குன்னு எடுத்தா முழுசா எடுக்கோணுமில்ல? விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட்டுக் கரண்டு இலவசம். 2023க்கு முன்னால 750ஆ இருந்துச்சு. பொங்கலுக்குக் குடுக்கற வேட்டி சேலையும் சர்க்கார் காசுல நம்ம பக்கத்துத் தறியில நெய்யறதுதான். மொதலாளிக்குப் போனா அது தொழில் ஊக்கம், தறி ஓட்டறவன் ஊட்டு உலைக்குப் போனா அது தண்டச் செலவா? நீ இஞ்சினீருக்குப் படிச்சயே, மொதல் பட்டதாரிச் சலுகையில, அது எந்தக் கணக்குல வருது? அவன் சோப்பு வாங்கினாலும் வரி கட்டறான் கண்ணு.

அரிசி மட்டும் இருந்தா ஆச்சா? கொழம்புக்குப் புளி, பால், வாடகை, மொதலாளிகிட்ட வாங்கித் தின்னு தீத்த முன்பணம், எல்லாம் அப்படியே நிக்குது. ஸ்ட்ரைக்கைத் தாங்கறது சர்க்கார் இல்ல, தெருமுக்கு மளிகைக்கடைச் செட்டியாரு. கூலி ஏறினா மொத சனிக்கெழமைச் சம்பளம் அவருக்குத்தான் போவும். செலவு எவ்வளவுன்னு தெரியோணும்னா அவருகிட்டப் போய்க் கேளு, நோட்டை எடுத்துக் காட்டுவாரு. போறப்பக் கையில காசு வெச்சுட்டுப் போ. உம்பட சிகரெட்டுப் பாக்கியும் அதுலதான் இருக்குது.