2070ன்னே சொல்லிடுங்க தம்பி

வாங்க தம்பி, இப்படித் திண்ணையில உக்காருங்க. துண்ட விரிக்க வேணாம், காலையிலதான் மெழுகிச்சு. உங்க பசங்க குடுத்த நோட்டீச கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சுட்டேன். நாலாம் பக்கத்துல 'சுற்றுச்சூழலும் காலநிலையும்'னு தனித் தலைப்பே போட்டிருக்கீங்க. புல்லரிச்சுப் போச்சு. எங்க காலத்துல சைக்கிள்ல வர்ற வேட்பாளரு 'வாய்க்காலத் தூர் வாருவேன்'னு ஒத்த வரி சொல்லிட்டு மோர் குடிச்சுட்டுப் போயிடுவாரு. நீங்க பூமியவே தூர் வாரக் கெளம்பியிருக்கீங்க. நடக்கட்டும்.

ஒரு யோசனை சொல்றேன், காசு வேணாம். 2070ல நாட்டோட கரிப்பொகைக் கணக்க நேர் பண்ணிடுவோம்னு 2021லயே பிரதமர் கிளாஸ்கோவுல சொல்லிட்டு வந்துட்டாரு. அதையே நீங்களும் புடிச்சுக்குங்க. எவ்வளவு தோதான வருசம் பாருங்க! அப்ப எனக்கு நூத்தி இருவத்திரெண்டு. கேக்க நானும் இருக்க மாட்டேன், பதில் சொல்ல நீங்க எந்தக் கட்சியில இருப்பீங்கன்னும் தெரியாது. மணல் அள்றதப் பத்தி மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. அது அடுத்த மாசமே கேக்கற கேள்வி.

கொள்ளிடத்துல முக்கொம்பு மேலணை தெரியுமில்ல? காட்டன் தொர 1836ல கட்டுனது. 2018 ஆகஸ்டு வெள்ளத்துல 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. மணல அள்ளி அள்ளிப் படுக எறங்குனதுதான் காரணம்னு ஊருல பேசிக்கிட்டாங்க. நீங்க அப்படியெல்லாம் பேசப்படாது. 'அணைக்கு 182 வயசு, மூப்பு காரணமா காலமாயிட்டாரு'ன்னு சொல்லிடுங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுனாலும் சரிதான். உங்க பின்னாடி வந்த ரெண்டாவது வண்டி யாரோடதுன்னு நான் கேக்கல. டயர்ல ஒட்டியிருக்கற ஆத்து மணலு நல்ல மணலு, அத மட்டும் சொல்லிக்கறேன்.

அப்புறம் இந்த வேளாண் மண்டலம். 2020ல சட்டம் வந்தப்ப நாங்களும் வெடி போட்டோம். சட்டம் என்ன சொல்லுது? புதுசா எண்ணெ, மீத்தேனுன்னு தோண்டக் கூடாதுங்குது. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கறதத் தொடாது. உங்க நோட்டீசுல 'எண்ணெய்க் கிணறுகளே இல்லாத டெல்டா'ன்னு இருக்கு. 'புது'ங்கற வார்த்த அச்சுல விட்டுப் போச்சா, ஆசையில விட்டுப் போச்சா? நேத்து டவுன்ல முதலாளிமாருங்க கூட்டத்துல 'வளர்ச்சிக்குக் குறுக்க எது வந்தாலும் விட மாட்டேன்'னு நீங்க பேசுனத பேரன் செல்லுல காட்டுனான். தப்பே இல்ல தம்பி. தலமடையில ஒரு பேச்சு, கடமடையில ஒரு பேச்சுங்கறது இந்தச் சீமைக்குப் பழகுனதுதான்.

நீங்க காலநிலைன்னு சொல்றத நாங்க மாய்ஸ்சருன்னு சொல்லுவோம். வெளங்கல இல்ல? கொள்முதல் நிலையத்துல சின்னதா ஒரு மெசின் இருக்கும். ஒரு பிடி நெல்லப் போட்டா ஈரம் இவ்வளவுன்னு நம்பர் காட்டும். 17க்குள்ள இருந்தா மூட்டய எடுத்துக்குவாங்க. அறுப்பு நேரத்துல பருவம் தப்பி ஒரு மழ அடிச்சா, அது 20, 21ன்னு நின்னுக்கிட்டு எறங்கவே எறங்காது. ஒடனே '22 வரைக்கும் விடுங்க'ன்னு சென்னையிலேர்ந்து டெல்லிக்குக் கடுதாசி போவும். டெல்லியிலேர்ந்து குழு வரும். நெல்ல உள்ளங்கையில வச்சுப் பாக்கும், மோந்து பாக்கும், ஒரு பையில கொஞ்சம் போட்டு எடுத்துக்கிட்டுப் போவும். அவங்க ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள ரோட்டோரம் கொட்டிக் கெடக்கற நெல்லு மொளச்சுக்கும். தார்ப்பாயத் தூக்குனா நாத்தங்கால் மாதிரி பச்சப் பசேல்னு இருக்கும். உங்க நோட்டீசுல 'பசுமைப் போர்வையை விரிவாக்குவோம்'னு போட்டிருக்கீங்களே, இதத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

கஜா புயலப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு தெரியல. 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி வேதாரணியத்துப் பக்கம் கரையேறிச்சு. எங் கொல்லையில முப்பத்தியாறு தென்ன, எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. பாக்க வந்த பெரிய மனுசர் ஒருத்தரு சாஞ்ச மரத்து மேலயே ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஆளு கொஞ்சம் குள்ளம், பாவம். கன்னு வச்சு இப்பதான் பாள தள்ளுது.

பசங்கள ஒண்ணும் சொல்லாதீங்க, பொறுப்பான புள்ளைங்க. 2019 சனவரியிலேர்ந்து பிளாஸ்டிக் பைக்குத் தட, அப்புறம் மஞ்சப்பையே வரட்டும்னு சர்க்காரே சொல்லிடுச்சுல்ல? வீட்டுக்கு ஒரு மஞ்சப்ப குடுத்தாங்க. அழுக்காவக் கூடாதுன்னு அத ஒரு பாலிதீன் கவர்ல போட்டுக் குடுத்தாங்க.

ஓட்டா? எங்க வீட்டுல அஞ்சு ஓட்டு இருக்கு, பேசிக்கிட்டு சொல்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஒதவி. முச்சந்தியில உங்க படம் போட்டு ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்காங்களே, எப்படியும் இருவதுக்குப் பத்து அடி இருக்கும். எலெக்சன் முடிஞ்சதும் அத என்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க. பொரட்டாசியில குறுவ அறுப்பு. தார்ப்பாய் வாடகைக்குக் கட்டுப்படியாவல. மொகத்த மேல் பக்கமா வச்சுத்தான் மூடுவேன், மரியாதை கொறயாது. கழட்டறப்ப கிழிச்சுடாம பாத்துக் கழட்டச் சொல்லுங்க. ஓட்ட விழுந்துச்சுன்னா தண்ணி நேரா நெல்லுலதான் எறங்கும்.