தொப்பியைக் காலில் மாட்டியவர்

உடுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘வேர்’ என்று ஒரே சொல். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். ஜப்பானிய மொழியில் அந்த ஒற்றை வேரிலிருந்து கிளைகள் கிளம்புகின்றன. சட்டைக்கு ‘கிரு’. இடுப்புக்குக் கீழே இறங்கினால், கால்சட்டையோ செருப்போ, ‘ஹகு’. தொப்பிக்குக் ‘கபுரு’, மூக்குக்கண்ணாடிக்குக் ‘ககெரு’, டைக்கு ‘ஷிமெரு’, மோதிரத்துக்கு ‘ஹமெரு’.

ஜப்பானியம் படிக்கும் மாணவர், தொப்பிக்கு ‘ஹகு’ போட்டால், அதைக் காலில் மாட்டிக்கொண்டதாகப் பொருள். கேட்கும் ஜப்பானியர் சிரிக்க மாட்டார். “உங்கள் ஜப்பானியம் பிரமாதம்” என்பார். அந்தப் பாராட்டு வந்தால், எங்கோ சறுக்கிவிட்டோம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

“இதென்ன கொடுமை, ஒரு வேலைக்கு ஆறு சொல்லா?” என்று நம்மவர் புலம்புவதுதான் வேடிக்கை. புலம்புகிறவர் அன்று காலைதான் வேட்டியைக் கட்டி, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். வீட்டுக்காரம்மா தலையில் பூ வைத்திருப்பார். பிறந்ததிலிருந்து ஒருநாளும் நம்மவர் சட்டையைக் கட்டி வேட்டியைப் போட்டதில்லை.

தண்ணீர் கதையும் இதுதான். குளிர்ந்திருந்தால் ‘மிசு’, காய்ந்துவிட்டால் ‘ஒயு’. ஆங்கிலத்துக்கு இரண்டும் ‘வாட்டர்’. சூட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நமக்கோ வெந்நீர் என்று ஒரே சொல் தயாராக இருக்கிறது.

ஆனாலும் ஜப்பானியம் படிக்க ஆங்கில அகராதியைத்தான் புரட்டுகிறோம். கொல்லையில் கிணறு இருக்க, லண்டன் போய்த் தண்ணீர் சேந்துகிறோம். அதுவும் மிசுவா, ஒயுவா என்று தெரியாமல்.