முதல் படகுக்குப் போற மருமோனுக்கு

மருமோனே, நேற்று மத்தியானம் ஒடியல் கூழைக் குடிச்சுப்போட்டு இந்தச் சாய்மனைக் கதிரையில மூண்டு மணித்தியாலம் நீ விட்ட குறட்டைக்கு, வெளியில நிண்ட குதிரையள் மேய்ச்சலை விட்டுட்டு நிமிர்ந்து பாத்ததுகள். ராத்திரி வந்து, "மாமா, பொட்டு நித்திரை இல்லை" எண்டு அழுறாய். நித்திரை தன்ர பாட்டுக்கு மத்தியானமே வந்து போட்டுது. ரெண்டாம் தரமும் வரச்சொன்னால் அது என்ன உன்ர வீட்டு வேலைக்காரனோ?

நித்திரைக் குளிசை கூடாதெண்டு நான் சொல்லேல்லை. உன்ர மாமி மோசம்போன கிழமை டொக்டர் ஏழு குளிசை எண்ணித் தந்தார். அது இல்லாட்டி எட்டுச் செலவுக்கு நான் எழும்பி நிண்டிருக்கமாட்டன். எட்டாவது குளிசைக்குப் போனன், மனிசன் தரேல்லை. அண்டைக்குத் திட்டினன், பிறகுதான் விளங்கிச்சு. பழகிப்போனால் உடம்பு ரெண்டு கேக்கும், மூண்டு கேக்கும். சட்டெண்டு விட்டால் முந்தியிலும் மோசமாய் முழிச்சிருக்க வைக்கும்.

பிறகு பக்கத்துவீட்டு ஆச்சியின்ர வைத்தியம், தும்மலுக்குப் போடுற குளிசை. நித்திரை வந்துது, மூத்திரம் வரேல்லை. பின்வளவுக் கல்வேலியைப் பிடிச்சபடி வானத்தில வெள்ளி எண்ணினன். வாய் வேற ஓலையாய் வறண்டுபோச்சு.

கனடாவிலயிருந்து கொக்கா அனுப்பின சொல்பிடெம் எண்ட நித்திரைக் குளிசை உன்ர சேட்டுப் பொக்கற்றில கிடக்கிறது எனக்குத் தெரியும். அவளின்ர மோள் போனில சொன்னவள்: 2013இல அமெரிக்காவில பொம்பிளையளுக்கு அதை 10 மில்லிகிராமிலயிருந்து 5 ஆக்கச் சொன்னவையாம். விடிஞ்சபிறகும் மருந்து ரத்தத்தில நிண்டு, கார் ஓடேக்கை கண் சொருகுதாம். சிலபேர் நித்திரையிலயே எழும்பி நடந்து, கார் ஓடி, செத்தும் போனதால 2019இல கட்டம்போட்டு எச்சரிக்கையும் எழுதினவை. நெடுந்தீவில நீ கார் ஓடாட்டியும் நாலு பக்கமும் கடல் இருக்கு, ராசா.

டயசிபாம் எண்ட குளிசை இன்னும் சோம்பேறி. பாதி கழியவே ஒரு நாள், ரெண்டு நாள் எடுக்கும். நேற்றையான் வெளிக்கிட முந்தி இண்டையான் வந்து சேருவான். அதுக்கு மேல நீ கள்ளையும் ஊத்தினால் மூச்சே அடங்கிப்போகும்.

நீ விடிய முதல் படகில குறிகட்டுவான் போறவன். படகு ஏறி ஏறி இறங்கேக்கை துறையிலயிருந்து வைக்கிற அந்த ஒரு எட்டை, சாமம் மூண்டு மணிக்குப் போட்ட குளிசையோ வைக்கும்?

டொக்டரைக் கேக்காமல் கொக்காவின்ர பொட்டலத்தைப் பிரிக்காதை. நித்திரை வராட்டிப் பாயில புரளாமல் எழும்பி முத்தத்தில இரு. எப்ப படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்பு. மத்தியானம் கண்ணை மூடாதை.

சரி, கதிரையை விட்டு எழும்பு பாப்பம். எனக்குக் கொஞ்சம் கண் சொருகுது.