பம்பருக்குப் பக்கத்தில் பம்பர்

கேள்வி: செப்பாங்கில் டிராக் டே ஓட்டிப் பழகிவிட்டேன். கைக்கு அடங்கும் செலவில் நிஜப் பந்தயத்தில் இறங்க வழி உண்டா, அண்ணா?
– வாசகர், தஞ்சோங் டாவாய்

பதில்: உண்டு தம்பி! செப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தைக் குறிவையுங்கள். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மொத்தம் 181 சுற்று. ஒரே காரைக் கூட்டாளிகள் மாறி மாறி ஓட்டுவதால் டயர், எண்ணெய், பிரேக் பேட் எல்லாச் செலவும் பங்காகிவிடும். பந்தய உரிமம் எடுத்துவிடுங்கள். இன்ஜினுக்குக் கொட்ட நினைக்கும் வெள்ளியை முதலில் ரோல் கேஜ், பக்கெட் சீட், ஆறுமுனை பெல்ட்டுக்குப் போடுங்கள். உயிர்தான் முதல் உதிரிபாகம். டிராக் டேயில் கடிகாரம் மட்டுமே எதிரி. இங்கே, வலப்பக்கம் இறுகிச் சுருளும் முதல் வளைவில் பக்கத்து பம்பரும் கூடவே நுழையும். அங்கேயே வீரத்தைக் காட்டினால், மிச்சம் 180 சுற்றையும் கூட்டாளிகள் உங்களைத் திட்டியே ஓட்டிவிடுவார்கள்!