பத்து சதவீதக்காரர்

வீட்டுக் கூடத்தில் கடல் வைத்திருப்பவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மீன் தொட்டி என்ன விலை என்று கேட்கலாம். கரண்ட் பில்லைக்கூடக் கேட்கலாம், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். "எத்தனை நாளுக்கு ஒருதரம் சார் தண்ணி மாத்துவீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் யாரும் இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்பியதில்லை.

முதலில் "வாரம் பத்து சதவீதம்" என்பார். சரி, பதில் வந்துவிட்டது என்று நாம் எழுந்திருக்கப் பார்ப்போம்.

"ஆனா..." என்பார். "அது சாதாரணத் தொட்டிக்கு. நல்லாப் பராமரிக்கிற தொட்டின்னா மாசம் ஒருதரம் பதினஞ்சு, இருபது சதவீதம் போதும்."

"அப்படியா சார்."

"ஆனா ஜெர்மனியில ஒரு கம்பெனிக்காரங்க மாத்தவே வேணாங்கிறாங்க. தொட்டிக்கு அடியில தனியாப் பாசி வளர்த்தா அதுவே தண்ணியில சேர்ற நைட்ரேட்டைத் தின்னுடும். தண்ணிய ஒரு குப்பியில பிடிச்சு லேபுக்கு அனுப்பினா, எந்தத் தாது எவ்வளவு குறையுதுன்னு சொல்லிடுவாங்க. அதை மட்டும் ஊத்தினாப் போதும்."

"அப்போ நீங்க?"

"நான் வாரம் பத்து சதவீதம்."

வாரம் பத்து என்றால் மாதம் நாற்பது என்று நினைக்கிறீர்களா? அப்படிச் சொல்லித்தான் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மாட்டிக்கொண்டார். இரண்டாவது வாரம் வெளியே எடுக்கிற தண்ணீரில் முதல் வாரம் ஊற்றிய புதுத் தண்ணீரும் கொஞ்சம் போய்விடுகிறது. மூன்றாவது வாரமும் அப்படியே. நான்கு தடவை மாற்றி முடித்தால் பழைய தண்ணீரில் 65.6 சதவீதம் தொட்டியிலேயே இருக்கும், போனது 34.4 சதவீதம்தான். இதை நம்மாள் லிப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு விளக்கினார். வாழ்நாளெல்லாம் கூட்டு வட்டி போட்ட மனிதர் மறுபேச்சுப் பேசாமல் மாடிப்படி ஏறிப் போனார்.

சனிக்கிழமை வந்தால் இந்த விவகாரம் அவர் வீட்டு வாசலைத் தாண்டிவிடும். அன்றைக்குத்தான் நைட்ரேட் பரிசோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர். முதல் பாட்டிலிலிருந்து பத்து சொட்டு. இரண்டாவது பாட்டிலை முப்பது விநாடி குலுக்க வேண்டும், சும்மா இல்லை, ஆவேசமாக. அதிலிருந்து பத்து சொட்டு. அப்புறம் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவரிடம் சிலிண்டர் வந்துவிட்டது என்று சொன்னாலும் காதில் விழாது. பிறகு குழாயை வண்ண அட்டைக்கு எதிரே பிடிக்க வேண்டும். மஞ்சள் என்றால் பூஜ்யம், நல்ல சிவப்பு என்றால் 40. தகராறெல்லாம் நடுவில்தான். 10 என்பது ஒரு ஆரஞ்சு, 20 என்பது இன்னொரு ஆரஞ்சு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டையை அச்சடித்தவர் கண்டிருக்கலாம்; வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

10 என்றால் பொறுக்கலாம். 20 என்றால் இன்றைக்கே தண்ணீர் மாற்ற வேண்டும். ஆகவே சாட்சிகள் தேவை. மனைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மாள் அடுப்படியிலிருந்தே, திரும்பிப் பார்க்காமல், "இருபது" என்பார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது என்று இவர் பால்கனிக்கு வருவார். பால்கனியிலிருந்து கீழே. வாட்ச்மேன், பார்சல் கொண்டுவந்த பையன், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் என்று அந்த நேரத்தில் கேட்டுக்குள் இருக்கிற எல்லாருடைய மூக்குக்கு நேரேயும் குழாய் நீளும். "கேசரி கலர் சார்" என்றார் வாட்ச்மேன் ஒருமுறை. "எந்தக் கேசரி? கல்யாண வீட்டுக் கேசரியா, ஓட்டல் கேசரியா?" என்று பதறிப்போனார் நம்மாள். இத்தனை விசாரணைக்கும் பிறகு 10 என்றே தீர்ப்பானாலும் தண்ணீரை மாற்றாமல் விடமாட்டார். "எதுக்கு ரிஸ்க்" என்பார்.

பரிசோதனை நைட்ரேட்டோடு நின்றதா? கால்சியம் உண்டு, அல்கலினிட்டி உண்டு. பவளங்கள் சுண்ணாம்புக் கூடு கட்டும்போது இரண்டையும் தின்று தீர்த்துவிடுமாம், தண்ணீர் மாற்றினால் ஈடுகட்டலாமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியில் அல்கலினிட்டி 7, புதுத் தண்ணீரில் 8 என்று வைத்துக்கொண்டு பத்து சதவீதம் மாற்றினால் கிடைப்பது 7.1. பசித்த பவளம் அதை மதியத்துக்குள் முடித்துவிடும். அதை விடுங்கள், இவர் தொட்டியில் கூடு கட்டுகிற பவளமே கிடையாது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. "ராமேஸ்வரத்துலேர்ந்து எடுத்துட்டு வந்ததா சார்?" என்று யாராவது கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் "இல்லை" என்பார். அவரிடம் இருப்பதெல்லாம் மென்பவளங்கள். காளான் மாதிரியும் பட்டன் மாதிரியும் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் இருக்கிற சாது ஜென்மங்கள். அவற்றுக்காக வாராவாரம் கால்சியம் அளக்கிறார்.

மெரினாவில் இரண்டு குடம் மொண்டுவந்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறோம். இதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வடக்கே கூவம் கலக்கிறது, தெற்கே அடையாறு கலக்கிறது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் நம் கரையில் கடலின் உப்பே குறைந்துவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் என்று துல்லியமாக உப்புக் கரைத்து வைத்திருப்பவரின் குற்றச்சாட்டே, வங்கக் கடலின் உப்பு சரியில்லை என்பதுதான். உப்பு வாங்கப் போனால், கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே பையன்கள் உள்ளே போய்விடுவதாகக் கேள்வி.

இன்னொன்று: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் வந்த மச்சினன் உதவி செய்வதாக நினைத்து ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டான். இப்போது பண்டிகைக்குப் பண்டிகை போனில் மட்டும் பேச்சு.

ஆனால் அந்தத் தொட்டி முன்னால் ராத்திரி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். நீல விளக்கு மட்டும் எரியும். கோமாளி மீன் இரண்டும் கண்ணாடியோரம் வந்து அவரையே பார்க்கும். மகனுக்கு வேலை போன மாதத்தில் மனிதர் தினமும் அங்கேயேதான் இருந்தார். அப்போது யாரிடமும் குழாயை நீட்டவில்லை. வாட்ச்மேன்தான் என்னிடம் வந்து, "சார் ஏன் இப்பல்லாம் கலர் கேக்கறதில்ல?" என்று விசாரித்தார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. லாரி வருமா வராதா என்று குடத்தோடு நின்றோம். அப்போதும் இவருடைய சனிக்கிழமை தவறவில்லை. 300 லிட்டர் தொட்டிக்கு 30 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவுக் குழாயின் நுனி எங்கே இருந்தது தெரியுமா? பாத்ரூம் சாக்கடையில். அசோசியேஷன் கூட்டத்தில் குழாயை இறுக்கி மூடுங்கள் என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்ததும் இவர்தான். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இந்த வருஷம் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நீல டிரம் வாங்கி அவர் வாசலில் வைத்தோம். கழிவுத் தண்ணீரை இதில் பிடித்துக் கொடுங்கள், மாடிப்படியாவது கழுவலாம் என்றோம். உடனே ஒப்புக்கொண்டார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எத்தனை நாளுக்கு ஒருதரம் சார் டிரம் நிறையும்?" என்று வாட்ச்மேன் கேட்டுவிட்டார்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிட்டோம். கீழ்ப்படி வரைக்கும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "வாரம் ஒருதரம்... ஆனா..."