ஜோக்கரியல்: வேங்கடத்து அடிவாரத்தில் எழுதிய சிற்றிலக்கணம்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கோடு போட்டுவிட்டது. எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் கிடைத்தது. அந்த மலையின் அடிவாரத்தில், ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே ஓடும் ரயிலில், நாலு பேர் முழங்கால்மேல் விரித்த துண்டில் நடக்கும் காரியத்துக்கு மட்டும் இன்றுவரை இலக்கணம் இல்லை. இதனால் சித்தூரிலும் நகரியிலும் திருப்பதியிலும் விளைந்த பொருட்குற்றங்கள் பல. எலும்பு முறிந்தால் புத்தூரில் கட்டுப் போட ஆள் இருக்கிறது. ரம்மி முறிந்தவனுக்கு யார் கட்டுப் போடுவது? ஆகவே இச்சிறுநூல்.

முதல் நூற்பா:

எண்ணும் இனமும் தனக்கிலன் ஆகி
நண்ணிய இடத்தின் பெயர்கொள்வன் ஜோக்கர்.

இதன் உரை: எண் என்றது ஏஸ் முதல் ராஜா வரையுள்ள பதின்மூன்றை. இனம் என்றது ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் ஆகிய நான்கை. இரண்டும் இல்லாத ஒருவன், இறங்கிய இடத்தில் எது குறைகிறதோ அதுவாக நிற்பான். ராஜா கையில் மாட்டிக்கொண்டு தோற்றால் பத்துப் புள்ளி. ஜோக்கர் மாட்டிக்கொண்டால் சுழி. தோல்வியில்கூடப் பாரமாக இல்லாதவன் சீட்டுக்கட்டிலேயே இவன் ஒருவன்தான்.

தமிழிலக்கணத்தில் இவனுக்கு உறவு சார்பெழுத்து. தானாக நிற்க மாட்டாது, ஒன்றைச் சார்ந்து வரும். சார்பெழுத்து எத்தனை என்பதில் தொல்காப்பியர் மூன்று என்றார், நன்னூலார் பத்து என்றார். அச்சடித்த ஜோக்கர் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை என்பதிலும் இதே சண்டை உண்டு. கட்டுக்கு ஒன்று என்பார் ஒரு சாரார், பெட்டியில் வந்த அத்தனையும் என்பார் மறுசாரார். இரண்டு கட்டுக்கு இரண்டு என்ற கட்சியையே இந்நூல் பின்பற்றும். கணக்கு எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

பிறப்பால் ஜோக்கர் இருவகை. பிறவி ஜோக்கர், பதவி ஜோக்கர். கோமாளிக் குல்லாயோடு அச்சாகி வருபவன் பிறவி. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டிலேயே நடமாடிய பழங்குடிகள். இவனோ 1860களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகக் கட்டில் நுழைந்த புதியவன். நம் நாட்டுக் கஞ்சிபா சீட்டில் இவன் இல்லை. அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு கொண்ட தசாவதாரக் கட்டு ஒன்று உண்டு. பெருமாளுக்குப் பத்து வேடம் கொடுத்த அந்தக் கட்டில், எந்த வேடமும் போடக்கூடிய ஒருவனுக்கு இடம் கொடுக்கத் தோன்றவில்லை.

பதவி ஜோக்கரை மேசையில் கட் ஜோக்கர் என்பார்கள். சீட்டுப் போட்டு முடித்ததும் மிச்சக் கட்டிலிருந்து ஒன்றை உருவித் திறப்பார்கள். ஏழு வந்தால் அந்த ஆட்டத்துக்கு ஏழெல்லாம் ஜோக்கர். நேற்றுவரை சாதாரண ஏழாக இருந்தவன், இன்று ராணிக்குப் பதில் உட்காருகிறான். திறந்த சீட்டோ கட்டுக்கடியில் குறுக்காகப் படுத்துவிடும். தன் இனத்தார் ஏழு பேருக்குப் பதவி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஆட்டத்துக்கு வெளியே கிடக்கும் இவனை அரசியல் கட்சிகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். இவனுக்கு இந்நூல் சூட்டும் பெயர் கிடை ஜோக்கர்.

இனித் தொகை. இரண்டு கட்டும் இரண்டு பிறவி ஜோக்கரும் சேர்ந்து 106 சீட்டு. கிடையைக் கழித்தால் 105. அதில் ஜோக்கர் ஒன்பது: பதவி ஏழு, பிறவி இரண்டு. திறந்ததே பிறவி ஜோக்கராக இருந்தால் ஏஸுக்குப் பதவி போகும் என்பது பொதுவழக்கு. அப்போதும் ஏஸ் எட்டு, மிச்சப் பிறவி ஒன்று, ஆக ஒன்பதுதான். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. போட்டவுடன் எடுத்துப் பார்க்கும் நூறு கைகளில் ஏறக்குறைய 29இல் ஜோக்கர் இருக்காது. 40இல் ஒன்று இருக்கும். 23இல் இரண்டு. மூன்றும் அதற்கு மேலும் வருவது எட்டுக் கைகளில். “நமக்கு மட்டும் ஜோக்கரே வர்றதில்லைப்பா” என்று புலம்புகிறவருக்கும் எதிரே உட்கார்ந்து சிரிப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். புலம்புகிறவர் 29ஐ நினைவில் வைத்துக்கொண்டு 40ஐ மறந்துவிடுகிறார்.

நிலையால் பகுத்தால் மேலும் இரண்டு வகை சொல்ல வேண்டும். ஏழு ஜோக்கராக இருக்கும்போது ஆட்டின் ஆறு, ஏழு, எட்டு ஒன்றாகச் சேர்ந்தால், அந்த ஏழு ஜோக்கர் வேலை செய்யவில்லை. தன் சொந்த வேலையைத்தான் பார்க்கிறது. ஆகவே அது ஜோக்கர் உதவியின்றி ஒரே இனத்தில் வரிசையாக அமையும் ஒரிஜினல் ரம்மி. இது தன்னுரு ஜோக்கர். கையில் இதை வைத்துக்கொண்டே ஒரிஜினலுக்காக ஏங்கியவர்கள் உண்டு. மற்றொன்று செத்த ஜோக்கர். தெரியாமலோ கோபத்திலோ இறக்கப்பட்டது. இறக்கிய ஜோக்கரை அடுத்தவர் எடுக்கக் கூடாது என்பது பெரும்பாலான மேசைகளின் சட்டம். அதனால் இறக்கியவருக்கும் இல்லை, எடுக்க நினைத்தவருக்கும் இல்லை.

நூலின் நடுப்பகுதி பிடிப்பார் இலக்கணம். பிடிப்போர் பலர் என்றாலும் பதுக்குவார், ஊதாரி, பக்தர், முகத்தார், கணக்கர் என ஐவரில் அடங்குவர். பதுக்குவார் கையில் மூன்று ஜோக்கர் இருக்கும். ஒரிஜினல் இருக்காது. மூன்று ஜோக்கர் இருக்கும்போது என்ன பயம் என்று மேலும் மேலும் எடுப்பார். எதிராளி கையை முடித்து ஷோ காட்டும் நாளில் ஜோக்கர் மூன்றுக்கும் சுழி போக, மற்ற பத்துச் சீட்டும் முழுதாக எண்ணப்படும். ஒரிஜினல் இல்லாத கையில் எந்தச் சேர்க்கையும் செல்லாது என்ற விதிக்காகவே இவர் பிறந்தார். உச்ச வரம்பு 80 என்று வைத்த முன்னோரின் கருணைதான் இவரைக் காக்கிறது.

ஊதாரி நேர்மாறு. ஜோக்கர் வந்த நொடியே எங்காவது ஒட்டிவிட வேண்டும் இவருக்கு. கையில் டைமன் ஐந்து ஆறும் உண்டு, கிளாவர் ஒன்பதும் ஜாக்கியும் உண்டு. ஜோக்கரைக் கொண்டுபோய் ஐந்து ஆறோடு ஒட்டுவார். ஐந்து ஆறுக்கு நாலு வந்தாலும் ஆகும், ஏழு வந்தாலும் ஆகும். இரண்டு கட்டில் நாலு சீட்டு அவருக்காகக் காத்திருக்கிறது. ஒன்பதுக்கும் ஜாக்கிக்கும் நடுவே பத்து ஒன்றுதான் வேண்டும், அது இரண்டே சீட்டு. தானாக அடையக்கூடிய பள்ளத்துக்கு மண் கொட்டிவிட்டுக் கிணற்றைத் திறந்து வைப்பது என்பது இதுதான். ஏழே ஜோக்கராக இருந்தால் மட்டும் கணக்கு சற்று மாறும். ஏழைப் பிடித்தவர் எவரும் விட மாட்டார். அந்நாளில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது எல்லாம் மேசையில் மலிவாக விழும். அண்டைச் சீட்டு விழுகிற வேகத்தைப் பார்த்தே மற்றவர் கையைப் படிப்பவர் உண்டு. அவர் ஊதாரியின் பக்கத்தில் உட்கார ஆசைப்படுவார்.

பக்தரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கட்டை மூன்று தட்டுத் தட்டி, “கோவிந்தா” சொல்லி எடுப்பார். வந்தால் சாமி, வராவிட்டால் கலைத்தவன்.

முகத்தார் பாவம். ஜோக்கர் வந்ததும் துண்டால் நெற்றியைத் துடைப்பார், டீக்காரனைக் கூப்பிடுவார், திடீரென்று பக்கத்துக்காரர் மகளின் கல்யாணம் பற்றி விசாரிப்பார். எதிரில் இருப்பவர் சித்தூர்த் தெலுங்கில், “ஏம்னா, ஜோக்கர் உண்டாதா?” என்று கேட்டுவிட்டுத் தன் பெரிய சீட்டை எல்லாம் அந்தச் சுற்றிலேயே இறக்கிவிடுவார்.

ஐந்தாமவர் கணக்கர். ஒன்பதில் எத்தனை வெளியே வந்தது, எத்தனை எவர் கையில் என்று மனத்துக்குள் பேரேடு எழுதுபவர். ஜோக்கர் வந்தாலும் வராவிட்டாலும் இவர் செய்யும் முதல் காரியம் ஒன்றே. ஒரிஜினலைச் சேர்ப்பார். அது அமையும்வரை ஜோக்கரைக் கையின் ஓரத்தில் சும்மா உட்கார்த்தி வைத்திருப்பார். அமைந்த பிறகு, எந்த இடம் வேறு எந்தச் சீட்டாலும் நிரம்பாதோ, எங்கே பத்துப் புள்ளிச் சீட்டு தொங்குகிறதோ அங்கே அவனை இறக்குவார். நூலாசிரியர் சார்பு இவர் பக்கம்.

கணக்கர் வழிக்குப் புராணச் சான்று திருப்பதியிலேயே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த பாவாஜி என்ற சாதுவோடு ஏழுமலையான் இரவில் வந்து பகடை ஆடினார் என்பது தலத்துக் கதை. ஒரு நாள் சுவாமியின் ஆபரணம் பாவாஜியின் மடத்தில் கிடந்தது. திருட்டுப் பட்டம் வந்தது. வண்டிக் கரும்பை ஓர் அறையில் போட்டுப் பூட்டி, விடிவதற்குள் தின்று தீர்த்தால் நம்புகிறோம் என்றார்கள். இரவில் ஒரு யானை வந்து கரும்பை முடித்துவிட்டுப் போனது. இந்தியில் ஹாத்தி என்றால் யானை. அதனால் அவர் ஹாத்திராம் பாவாஜி. அவர் பெயரில் எழுந்த மடம் 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலையே நிர்வகித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பகடை ஆடிய அத்தனை இரவிலும் யானை வரவில்லை. ஆட்டத்தில் ஜெயிக்க அதைப் பாவாஜி கேட்கவும் இல்லை. வேறு எதுவும் நிரப்ப முடியாத ஓர் இடம் வந்தபோது, எந்த உருவமும் எடுக்கக்கூடியவர் யானை உருவம் எடுத்து அதை நிரப்பினார். ஒரிஜினல் என்று சொல்ல பாவாஜியிடம் பக்தி இருந்தது. அது இல்லாத ஒருவர் யானையை எதிர்பார்த்துக் கரும்பு வாங்கினால் கரும்புக்கடன்தான் மிஞ்சும்.

இரண்டாம் சான்று தாத்தய்யகுண்ட கங்கம்மா. ஏழுமலையானின் தங்கை என்று ஊர் சொல்லும் அம்மன். மே மாதத்து ஜாத்திரையில் பக்தர்கள் நாளுக்கொரு வேடம் போடுவார்கள்: பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி. கதைப்படி, ஊர்ப் பெண்களைக் கெடுத்த பாளையக்காரன் அம்மனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான். அம்மன் வேடம் மாற்றி மாற்றித் தேடினாள். தொர வேடத்தில் வந்தபோதுதான், பெரிய துரை வந்திருக்கிறார் என்று நம்பி அவன் வெளியே வந்தான். ஆட்டம் முடிந்தது. 2024இல் வந்த ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி ஆடியதைப் பார்த்த உலகம், அதற்குப் பின்னால் இவ்வளவு துல்லியமான ஜோக்கர் கோட்பாடு இருப்பதைக் கவனிக்கவில்லை. எந்த வேடமும் பொருந்தும். ஷோவுக்கு உதவும் வேடம் ஒன்று.

குபேரனிடம் கல்யாணக் கடன் வாங்கிய பெருமாள் இன்னும் வட்டி கட்டுகிறார் என்ற கதையை, கடன் வாங்கி ஆடுவோர் எவரும் சான்றாகக் காட்டக் கூடாது. அவருக்கு உண்டியல் இருக்கிறது.

அடுத்து அரசியல், அதாவது அரசு இயல். உச்ச நீதிமன்றம் 1967 நவம்பர் 22 அன்று, செகந்திராபாத் கிரசண்ட் ரிக்ரியேஷன் கிளப் பற்றிய ஆந்திர வழக்கில், ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதை இறக்குவது என்பதும் திறமை என்று நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதினார். மேலே சொன்ன கணக்கருக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் கொடுத்த நற்சான்று என்றே இதை நான் படிக்கிறேன். கிளப் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் கதை வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்லிவைத்தது.

ஆந்திர அரசு 2020 செப்டம்பரில் 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்திக் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. தமிழ்நாடும் அந்த நவம்பரில் தடுத்தது. தமிழ்நாட்டுத் தடையை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வேடிக்கை. நகரியில் செல்போனை எடுத்தால் குற்றம், பக்கத்துத் திருத்தணியில் எடுத்தால் திறமை. எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது, அந்த எல்லைக்கோடு ஒரு நாள் ஜோக்கரின் சட்டத் தகுதியையும் வகுக்கும் என்று எல்லைக்காகப் போராடிய ம.பொ.சி. நினைத்திருக்க மாட்டார். அடுத்து வந்த தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்குப் பொருந்தாது என்று 2023 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. கடைசியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்த ஆன்லைன் ஆட்டம் எல்லாம் கூடாது என்று எல்லையையே அழித்தது.

செயலியில் வரும் ஜோக்கரை இந்நூல் சேர்க்கவில்லை. அதைக் கலைத்தவன் முகம் தெரியாது, எதிரே பிடித்திருப்பவன் முகமும் தெரியாது. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து சம்பளத்தை இழந்தவர்களும் உயிரை விட்டவர்களும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்தார்கள். அதை வகைப்படுத்திச் சிரிக்க எனக்கு மனம் இல்லை. அந்தத் தடை சரி என்பதே என் கட்சி. வள்ளுவர் 94ஆம் அதிகாரம் முழுவதையும் சூதுக்கு எதிராக எழுதியது வீண் போகவில்லை.

எஞ்சியது துண்டு விரித்த ஆட்டம். அதற்குக் காசு வேண்டாம். தோற்றவர் அரக்கோணத்தில் டீ வாங்கித் தரட்டும். பதின்மூன்று சீட்டையும் பிரித்துப் பாருங்கள். ஒரிஜினலுக்கு வழியும் இல்லை, ஜோக்கரும் இல்லை என்றால் முதல் சுற்றிலேயே டிராப் சொல்லிவிடுங்கள். 20 புள்ளிதான். நடுவில் விட்டால் 40.