விபத்தே இல்லாத பதிவேடு எழுதுவது எப்படி?

சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு வேண்டியது நல்ல கையெழுத்து, ஒரே நிற மை, கொஞ்சம் சட்ட ஞானம். இந்தக் கலையைக் கற்க கோலார் தங்கவயலைவிடத் தோதான ஊர் கிடையாது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் தொடங்கி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் பூட்டியதுவரை, பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆள் இறக்கிய இடம் அது.

முதலில் 72 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி, அடிபட்டவர் 72 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அது ‘அறிவிக்க வேண்டிய காயம்’. ஆகவே மூன்றாம் நாள் காலையிலேயே ஆளை அழைத்து வந்துவிடுங்கள். கட்டுப் போட்ட காலோடு டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, டோக்கனை வாங்கி வருகையைக் குறியுங்கள். ‘லைட் டூட்டி’. எலும்பு முறிந்திருந்தால்தான் தலைவலி. விரல் கணு முறிந்தாலும் பலத்த காயம் என்று சட்டம் பிடிவாதம் பிடிக்கிறது. எக்ஸ்ரேக்கு அவசரம் காட்டாதீர்கள். ‘சுளுக்கு’ என்று எழுத நாலே எழுத்து.

ஏர் பிளாஸ்ட்டை மறைப்பது கஷ்டம். அடியில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், ஊரே சுரங்கக் குழியான சாஃப்ட்டின் வாசலுக்கு ஓடிவரும். அந்த மாதிரி நாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘பாறையின் இயல்பு’ என்று எழுதிவிடுங்கள். பாறை மறுத்துப் பேசாது. அதன் இயல்பை ஆராய 1988-ல் தங்கவயலிலேயே தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனம் அமைத்தார்கள். அவர்கள் அறிக்கை தந்தால் தனி பைலில் போட்டு வையுங்கள்.

நெஞ்சுக்குள் போன தூசிக்கு இத்தனை பாடு வேண்டாம். துளை போடும்போது பறக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெட்டியாக்கப் பல வருஷம் பிடிக்கும். அதற்குள் ஆள் வட ஆற்காட்டுப் பக்கமோ சித்தூர்ப் பக்கமோ சொந்த ஊருக்குப் போயிருப்பார். அங்கே இருமினால் டி.பி. என்பார்கள். இருமல் அந்த ஊர் ஆஸ்பத்திரிக் கணக்கு. ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள்: பரிசோதித்து எண்ணாதீர்கள். 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் பக்கம் பளிச்சென்று இருந்திருக்கும்.

எதையுமே பதிய மாட்டார்கள் என்று மேலிடத்தைக் குறை சொல்லவும் முடியாது. 1930-ல் தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவதில் அத்தனை அக்கறை காட்டினார்கள். அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விரலுக்கு வந்த அவசரம் நுரையீரலுக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆனது. மைசூர் அரசின் சிலிக்கோசிஸ் விதிகள் 1940-ல்தான் வந்தன.

இப்போது காலம் இன்னும் அனுகூலம். 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் ஆய்வாளருக்கு ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்’ என்று பெயர். யாருக்கு வசதி என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

இதெல்லாம் பிடிபடாதவர்களுக்கு ஒரே குறுக்குவழி: சுரங்கத்தையே மூடிவிடுவது. கூலி இல்லை, ஷிப்ட் இல்லை, ஆள் இறக்கும் கேஜ் இறங்குவதில்லை. விபத்துப் பதிவேட்டில் வருஷா வருஷம் சுழியம். 2020 மே மாதம் தங்கவயல் மாரிக்குப்பத்தில் மூடிக்கிடந்த சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மூன்று பேர் செத்தார்கள். அவர்கள் தொழிலாளிகள் அல்ல, ஆகவே நம் சுழியத்துக்குப் பழுதில்லை. கோடையில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து கிளம்பும் தூசியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுவாசிப்பவர்களுக்கும் டோக்கன் கிடையாது.

கைவிட்ட சாஃப்ட்டைச் சுற்றி வேலி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ‘வேலி உண்டா?’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதுங்கள், தேதி போடுங்கள். மறுநாளே கம்பி இரும்புக்கடைக்குப் போனால் அது திருட்டுக் கேஸ். அதற்கு ஏடு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.